படுகளத்தில் கூப்பிட்ட பெயர்

காஞ்சிபுரம்
25-1-1970

அன்புள்ள கோதண்டத்துக்கு,

மாமன் மகள் அலமு எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான், எருமை நால்வரும் சுகம். எருமைதான் உன்னை அதிகம் விசாரித்தது. ஒரே குளத்தில் ஊறிய பாசம் லேசில் விடுமா?

இறங்கியதும் கடிதம் போடுகிறேன் என்று பஸ் ஜன்னல் வழியாக அவ்வளவு பெரிதாகத் தலையாட்டினாய். தலை அங்கே பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா? பெங்களூரைப் பெண்களூர் என்று நினைத்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாய் போலிருக்கிறது. வாயை மூடு. குளிர்காற்று உள்ளே போய்விடும்.

இங்கே ஒரே அமர்க்களம். வியாழக்கிழமை பட்டம்மாள் மட்டம் போட்டுவிட்டாள். எங்கள் லோகாம்பாள் டீச்சர் தலை நிமிராமல் பெயர் வாசிப்பவர். பட்டம்மாள் முறை வந்ததும், மூக்கடைத்த குரலில் "உள்ளேன் டீச்சர்" என்றேன். அன்றைக்கென்று பார்த்து, "பட்டம்மா, வந்து இந்தக் கணக்கைப் போடு" என்றார். வகுப்பு முழுக்க என்னைப் பார்க்கிறது. வேறு வழியில்லாமல் எழுந்து போய்த் தப்பும் தவறுமாகப் போட்டேன். பட்டம்மாள் போட்டால் அப்படித்தானே இருக்கும்? டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "நீ அலமு இல்ல?" என்றார். "ஆமாம் டீச்சர், பட்டம்மாள் போட்டதைத் திருத்த வந்தேன்" என்று திருத்தியும் காட்டினேன். பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார். இந்த வகுப்பில் என்னைவிட உயர்ந்தவர் யாரும் இல்லை.

இந்த வருஷம் உங்கள் வீட்டில் பொங்கல் கிடையாது. எங்கள் வீட்டிலும் அம்மா பெயருக்குத்தான் பானை வைத்தாள். உன் அப்பா ஏரிக்கரை நிலத்தில் அறுப்பை முடித்துவிட்டார். அத்தைக்கு உடம்பு சுகம். தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

கடிதம் என்றால் பாதி கடி, பாதி இதம். எதைப் போட்டாலும் சரி, போடு.

இப்படிக்கு,
பெஞ்சின் மேலிருந்து
அலமு


பெங்களூர்
12-2-1970

அன்புள்ள அலமுவுக்கு,

நலம். மாமா, மாமி, எருமை நலமாக இருக்கட்டும். எருமைக்கு என் வணக்கத்தைச் சொல்.

சித்தப்பா வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். ரொம்ப நன்றாக. சித்தி எனக்குச் சோறு போடும்போது மெதுவாகப் பேசுகிறாள். அண்ணன் இறந்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் அப்படித்தான் பேசுகிறார்கள், காய்ச்சல்காரனிடம் பேசுகிறாற்போல. மஞ்சள் காமாலை வந்தது அண்ணனுக்கு, எனக்கில்லை. உன் கடிதத்தில்தான் ரொம்ப நாள் கழித்து யாரோ என்னைத் திட்டினார்கள். நன்றாக இருந்தது.

அப்பா ஏன் என்னை இங்கே அனுப்பினார் என்று உனக்குத் தெரியும். என் குரல் இந்த வருஷம் உடைந்து அப்படியே அண்ணன் குரலாகிவிட்டது. வாசலில் நின்று நான் "அம்மா" என்றால் அம்மா உள்ளேயிருந்து ஓடி வருவாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிடுவாள். நீயும் ஒரு தரம் பார்த்தாய். அதற்கப்புறம் நான் பின்கட்டு வழியாகச் சத்தமில்லாமல் போக ஆரம்பித்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மா என்னைப் பற்றிக் கேட்டாளா? மறக்காமல் எழுது.

அன்புடன்,
கோதண்டபாணி


காஞ்சிபுரம்
19-2-1970

அன்புள்ள காய்ச்சல்காரனுக்கு,

இங்கு யாவரும் சுகம். அங்கு நீ சுகமாக இருந்து தொலைக்கவும்.

உன் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன். என் அப்பாவின் சைக்கிள் கடையில் வியாபாரம் எப்படி? பஞ்சராகும் அளவுக்கு மோசமில்லை. பட்டம்மாள் என்னோடு பேசுகிறாளா? இல்லை. அவள் சார்பில் போட்ட கணக்கு தப்பு என்று கோபம். எதிர்வீட்டுத் தில்லையம்மாள் அக்காவின் தறி எப்படி ஓடுகிறது? அதைத்தான் சொல்ல வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் தெரு நீளத்துக்கும் பாவு நீட்டியிருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டு நூல், நடுவே மூங்கில் குச்சிகள், இரண்டு பக்கமும் ஆட்கள். மாசி மாதம், வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. நான் மாடிப்படியிலிருந்து, "மழை வருதுபா" என்று ஒரே ஒரு குரல்தான் கொடுத்தேன். யாரும் மேலே பார்க்கவில்லை, கோதண்டம். அத்தனை பேரும் பாவைச் சுருட்டிக்கொண்டு ஓடியதைப் பார்க்க வேண்டுமே. பாதித் தூரம் போன பிறகுதான் ஒருவர் கையை நீட்டிப் பார்த்தார். அப்புறம் மழை வந்தது. தெலுங்கில், வசவாக வந்தது. முழுக்க அர்த்தம் தெரியாததால் பாதிதான் நனைந்தேன். தில்லையம்மாள் அக்கா மட்டும் சிரித்துவிட்டு, "உன்ன யார் கட்டிக்கினு மாரடிக்கப் போறானோ" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

பேப்பர் தீர்ந்துபோனதால்,
அலமு


பெங்களூர்
22-3-1970

அன்புள்ள அலமுவுக்கு,

நலம். பதில் எழுத நாளாகிவிட்டது. பரீட்சை என்று சொல்லலாம். அதுவல்ல.

நான் கேட்டது ஒரு கேள்வி. நான் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, எனக்குப் புரிந்துவிட்டது.

இங்கே வகுப்பில் தாவீது என்று ஒருவன் பக்கத்தில் உட்காருகிறான். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டான். நான் ஒருத்தன்தான் என்று சொல்லிவிட்டேன். அது பொய்யா நிஜமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் பார்த்தேன். உன் கடிதங்களில் எருமை வருகிறது, பட்டம்மாள் வருகிறாள், அண்ணன் வரவில்லை. ஊரில் எல்லோரும் நீ அண்ணனுக்குத்தான் என்று கேலி செய்வார்கள். நீயும் கேலி செய்தவர்களை விட்டுவிட்டு அண்ணனைத் துரத்தித் துரத்தி அடிப்பாய். இப்போது ஏன் ஒரு வார்த்தைகூட இல்லை?

அன்புடன்,
கோதண்டபாணி


காஞ்சிபுரம்
3-4-1970

அன்புள்ள கோதண்டத்துக்கு,

எல்லோரும் சுகம். சுகம் விசாரிக்க இன்று நேரமில்லை. பெரிய சங்கதி. உட்கார்ந்துகொண்டு படி.

முந்தாநாள் ஏப்ரல் ஒன்று. உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, ஏப்ரல் பூல் எழுத்தை இடம்வலம் மாற்றிச் செதுக்கி, மசியில் தோய்த்து, தெருவில் ஒரு முதுகு விடாமல் முத்திரை குத்தினேன். அப்பா முதுகிலும் குத்தினேன். அவர் அது தெரியாமல் அதே சட்டையோடு திரௌபதி அம்மன் கோயில் கூட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே எல்லோரும் சிரித்துத் தீர்த்தார்களாம். திரும்பி வந்தவர் அடிக்கத் துரத்தினார். துரத்திக்கொண்டே கூட்டத்தில் நடந்ததையும் சொன்னார். நானும் ஓடிக்கொண்டே கேட்டேன்.

படுகளம் வைகாசியில், மே இருபத்துநாலாம் தேதி. பெங்களூர்க்காரனுக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். அன்று காலை ஐந்து வகையறாவிலிருந்து ஐந்து பிள்ளைகள், யுத்தத்தில் மாண்ட அம்மனின் ஐந்து பிள்ளைகளாக மண்ணில் படுப்பார்கள். தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணி. பெற்றவள் வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கூப்பிட்டால் எழுந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டு இடத்தில் இத்தனை வருஷம் யார் படுத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தர்மகர்த்தா, "சாவு வுழுந்த வூடு, ஒரு வருஷம் ஆவல, இந்தத் தரம் வேற வகையறாவுக்குக் குடுத்துடலாம்" என்றாராம். உன் அப்பாவும் சரி என்று துண்டை உதறி எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து யார் வந்து நின்றது தெரியுமா? அத்தை. வாசலைத் தாண்டாத அத்தை, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, "நம்ம வூட்டுப் புள்ளதான் படுக்கணும்" என்றாளாம். தர்மகர்த்தா தீட்டு என்று இழுத்தார். பூசாரி, "படுகளம் இன்னா பண்டிகையா? அதுவும் சாவுதான். சாவு வூட்டுக்குச் சாவுல இன்னா வெலக்கு?" என்றதும் பேச்சு முடிந்துவிட்டது.

உங்கள் வீட்டில் இப்போது இருக்கிற பிள்ளை நீதான். புறப்படு. படுகளத்தில் படுத்தால் போதும், எங்களைப் படுத்தாதே.

நீ கேட்ட இன்னொன்றுக்குப் பதில் எழுத மசி போதாது. எல்லாம் முதுகுகளில் தீர்ந்துவிட்டது.

கன்னம் வீங்கிய,
அலமு


பெங்களூர்
15-4-1970

அலமு,

நலம்.

நான் வரவில்லை. ஐந்து மாதத்துக்கு முன் அதே நீளத்தில் ஒரு வெள்ளைத் துணியை அம்மா பார்த்தாள். அதை மறுபடியும் அவளுக்குக் காட்ட வேண்டுமா? இது உனக்கு வேடிக்கையாக இருக்கிறதா?

அம்மா "நம்ம வூட்டுப் புள்ள" என்றாள் என்று எழுதியிருக்கிறாய். "கோதண்டம்" என்றாளா? இதற்காவது நேராகப் பதில் சொல்.

கோதண்டபாணி


காஞ்சிபுரம்
20-4-1970

அன்புள்ள கோதண்டத்துக்கு,

சுகம்.

சொல்லவில்லை. நீ போனதிலிருந்து அத்தை உன் பெயரை ஒரு தடவையும் சொல்லவில்லை. நீ எப்போது வருவாய் என்று கேட்கவும் இல்லை. நான் உன் கடிதத்தை எடுத்துப்போய் வாசித்தால், கேட்டுக்கொண்டே கீரை ஆய்வாள். முடிந்ததும் எழுந்து போய்விடுவாள். நீ எதிர்பார்த்ததுதான்.

இப்போது என் மூளையைப் பார். படுகளத்துச் சட்டம் என்ன? பெற்றவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் எழ வேண்டும். தண்ணீர் தெளித்தால் மட்டும் போதாது, தொட்டாலும் எழக்கூடாது, பெயர் வந்தாக வேண்டும். அப்படியானால் அன்றைக்கு அத்தை உன் பெயரைச் சொல்லியே தீர வேண்டும். தர்மகர்த்தா, பூசாரி, பம்பைக்காரர், பாரதம் பார்க்க வந்த கூட்டம், எல்லோர் முன்னாலும். தப்பிக்கவே முடியாது. இத்தனை வருஷம் நான் பண்ணின குறும்பெல்லாம் இதற்கு முன்னால் வெறும் உருளைக்கிழங்கு.

உனக்கு வேலையே இல்லை. சும்மா படுத்துக் கிடக்க வேண்டும். அதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்று உன் வாத்தியாரே சொல்லியிருக்கிறார். எனக்கு இப்போதே தூக்கம் வரவில்லை. வா, கோதண்டம்.

சூழ்ச்சிக்காரி,
அலமு


பெங்களூர்
9-5-1970

அலமுவுக்கு,

நலம். இருபத்திரண்டாம் தேதி சித்தப்பாவோடு வருகிறேன். அம்மா கூப்பிடாவிட்டால் அப்படியே கிடப்பேன், மழை வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். அதற்கு நீதான் பொறுப்பு.

கோதண்டபாணி


பெங்களூர்
31-5-1970

அன்புள்ள அலமுவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தோம். அங்கு எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

ஊரில் உன்னைத் தனியாகப் பார்க்கவே முடியவில்லை. அதனால் துணிக்கு அடியில் எப்படி இருந்தது என்று எழுதுகிறேன். நீ வெளியேயிருந்து பார்த்தாய், நான் உள்ளேயிருந்து கேட்டேன்.

துணிக்குள் இருட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. வெயிலில் எல்லாம் வெள்ளையாக இருந்தது. முதுகுக்கடியில் மண் சுட்டது. பக்கத்தில் படுத்திருந்த பையன் யாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைக் கூப்பிட, நாலு பேரும் எழுந்துவிட்டார்கள். கடைசியில் என் காலடியில் கொலுசில்லாத நடை வந்து நின்றது. அம்மா. அவளிடம் ஒப்பாரி இல்லை. தண்ணீர் முகத்தில் விழுந்தது.

"முனிசாமி" என்றாள்.

பம்பை நின்றுவிட்டது. அம்மா மறுபடியும், "முனிசாமி, எழுந்திருபா" என்றாள். அவ்வளவு ஆசையாக அவள் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எழுந்துவிடலாம் என்று தோன்றியது, அலமு. நிஜமாகவே கையை ஊன்றிவிட்டேன். அந்தப் பெயருக்கு எழுந்தால் அம்மாவுக்கு அண்ணன் கிடைத்துவிடுவான். நான்தான் இல்லாமல் போவேன். ஊன்றிய கையை எடுத்துவிட்டேன். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தேன். பூசாரியும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. அம்மாவிடம் யார் சொல்வார்கள்?

அப்போதுதான் உன் குரல். "அத்தே, முனிசாமி மாமா செத்துப்போயிட்டாரு. இங்க படுத்துக்கினு இருக்கிறது கோதண்டம்."

கார்த்திகையில் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு வராத அழுகை படுகளத்தில் வந்தது. மண்ணில் விழுந்து, "எம்மவனே, எம்மவனே" என்று தரையை அடித்து அடித்து அழுதாள். எனக்குப் பயமாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் குடத்துத் தண்ணீர் முழுவதையும் என் தலையில் கவிழ்த்தாள். "கோதண்டம், எழுந்திருடா. நீ எழுந்திரு. நீயாவது எழுந்திரு" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். மூக்கில் தண்ணீர் ஏறி நான் தும்மிவிட்டேன். பாரதத்திலேயே தும்மிய பிணம் நான்தான் என்று தர்மகர்த்தா இப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார்.

எழுந்து முதலில் உன்னைத்தான் தேடினேன். நீ அங்கே இல்லை. எங்கே போனாய்?

மறுநாளே சித்தப்பா கிளம்பச் சொல்லிவிட்டார். இங்கே அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. பஸ் ஏறும்போது அம்மா ஒரு பொட்டலம் முறுக்கைக் கொடுத்து, "பாத்துப் போ" என்றாள். இருந்துவிடு என்று சொல்லுவாளோ என்று பஸ் நகரும்வரை பார்த்தேன். அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் இனிமேல் எந்த ஊர்க்காரன் என்று தெரியவில்லை.

தாவீதிடம் மட்டும் வந்தவுடன் சொன்னேன். எனக்கு ஓர் அண்ணன் இருந்தான், முனிசாமி என்று பெயர் என்று.

அன்புடன்,
கோதண்டம்


காஞ்சிபுரம்
4-6-1970

அன்புள்ள தும்மல்காரனுக்கு,

சுகம், சுகம், எல்லோரும் சுகம்.

எங்கே போனாய் என்று கேட்டிருக்கிறாய். கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நீர்மோர் கொடுத்தார்கள். கூட்டம் வந்தால் தீர்ந்துவிடும் என்று ஓடினேன். நன்றாக இருந்தது. கொஞ்சம் உப்பு அதிகம்.

எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியதற்கு அப்பா அடிப்பார் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. அவரும் என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பவும் உருளைக்கிழங்கு வாங்க வேண்டும்.

அத்தை இப்போது அழுகிறாள். காலையில் அழுகிறாள், அப்புறம் குளித்துவிட்டுச் சமைக்கிறாள், சாப்பிடுகிறாள். நேற்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பட்டம்மாள் மாதிரி பேசிக் காட்டினேன்.

மோர் குடித்த,
அலமு


காஞ்சிபுரம்
8-6-1970

சிரஞ்சீவி கோதண்டபாணிக்கு அம்மா மணியம்மாள் ஆசீர்வாதம்.

(அத்தை சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அடைப்புக்குள் இருப்பது மட்டும் நான். "நான் பேசறாப்பலயே எழுதுடி, உன் குறும்பெல்லாம் சேக்காத" என்று உத்தரவு.)

நான் சொகமா இருக்கிறேன். உங்கப்பா சொகமா இருக்கிறாரு. நீ வேளைக்குச் சாப்டுறியா. அங்க குளிரு அதிகம்னு சொல்றாங்க, காதுல துண்டு கட்டிக்கினு படு.

பஸ்ஸாண்டுல உன்ன இருன்னு சொல்ல வாய் வந்துச்சி. சொல்லல. உம்பேரத் தப்பாக் கூப்பிட்டவ எந்த மூஞ்சிய வச்சிக்கினு புள்ளய இருன்னு சொல்றதுன்னு நின்னுட்டேன். பஸ்சு போனப்புறம் அங்கயே குந்திக்கினு இருந்தேன். உங்கப்பா வந்து கூட்டிக்கினு போனாரு.

நீ கொல்லப்பக்கமா வரதும் போறதும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா. தெரியும். எனக்கும் அப்ப அது சவுரியமா இருந்துச்சி. இனிமே வாணாம். வாசப்பக்கமா வா. அம்மான்னு கூப்டு. ஓடி வந்து நின்னாலும் நிப்பேன். அழுதாலும் அழுவேன். நீ பாட்டுக்கு உள்ள வா.

பேர் குடுத்ததெல்லாம் கெடக்கட்டும். சித்தப்பாவுக்கு உங்கப்பா தனியா எழுதறாரு. இங்க பள்ளிக்கூடத்துல பேசியாச்சி. இந்தக் காயிதம் கண்டதும் பொறப்படு.

(இத்துடன் முடிந்தது என்று பேனாவை மூடினேன். மூடாதே என்கிறாள்.)

இன்னொண்ணு. அலமு தெனம் சாயங்காலம் வருது. என்ன சிரிக்க வச்சிட்டுத்தான் போவுது. போற வழியில எங்க கெணத்தடியில குந்திக்கினு அழுவுது. கார்த்திகையிலருந்து அழுவுது. தண்ணி சேந்துற சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு அதுக்கு நெனப்பு.

(அத்தே, வேற எதனா சொல்லு என்றேன். "எழுதுடி" என்கிறாள்.)

அது எம்மருமவளா வர வேண்டிய பொண்ணு. புள்ள செத்தா பெத்தவளுக்கு ஊரே வந்து மாரடிக்குது. அதுக்கு யாரும் வரல. அது அவன யாருன்னு சொல்லி அழும், சொல்லு. நீ வந்தா அதுகிட்ட உங்கண்ணனப் பத்திப் பேசு. அவன் பண்ணதெல்லாம் உனக்குத்தான் தெரியும். நானும் பேசறேன். மூணு பேரும் பேசலாம்.

இப்படிக்கு உன் அம்மா,
மணியம்மாள்

(எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். கிணற்றடி வந்ததும் நிறுத்திவிட்டு, அவ்வளவுதான் அத்தே என்றேன். "அவ்ளோதான் இல்ல, மிச்சத்தையும் படி" என்றாள். படித்தேன். பாதியில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அத்தை உலையை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். தபால்பெட்டி திறக்கும் நேரம் தாண்டிவிட்டது. நாளைக்குத்தான் போடுவேன்.)